பழையதன் மேல் புதியது

"நான் சேர்ந்து ரெண்டு மாசமாச்சு மேடம். நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலை" என்றார் திருமேனி.

நஸ்ரின் அவர் மேசையிலிருந்த ஐபோனை எடுத்தாள். அதிலிருந்த ஆப்பை விரலால் அழுத்திப் பிடித்து, அழித்தாள். போனை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

திருமேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கு நாற்பத்தாறு வயது. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கோர்ஸ் படித்து, தலைக்குச் சாயம் பூசி, திருச்சியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த இந்த ஆபீசில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆப் எழுதுகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். இவர் அதைப் போனில் போட்டுப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

நஸ்ரினுக்கு முப்பது. டெஸ்டிங்கில் அவள் சொன்னால்தான் சொல். ஆனால் சொல்ல மாட்டாள். கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டுவாள், இல்லாவிட்டால் ஒரு எதிர்க்கேள்வி போடுவாள். ஆபீசில் அவளுக்கு 'மௌனசாமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. கதையின் முதல் கோளாறு அதுதான்.

*

ஆப்பின் பெயர் 'கூப்பிடு தூரம்'.

தனியாக இருக்கும் வயசான அப்பா அம்மாவுக்கு ஊரில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஐபோன் இருக்கும். இரண்டிலும் ஓடுகிற மாதிரி ஒரே ஆப். இங்கே ஒரு சிவப்புப் பொத்தான். விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ அமுக்க வேண்டியது. அங்கே பிள்ளையின் போனில் மணி அடிக்கும்.

வாராவாரம் புது வெர்ஷன் வரும். திருமேனி அதைப் பழையதன் மேலேயே போட்டுக்கொள்வார். நம்பர், பெயர் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஆண்ட்ராய்டில் அமுக்குவார். ஐபோனில் மணி அடிக்கும். திருப்தியாக ஒரு டீ குடிப்பார்.

நஸ்ரின் வந்து அழித்துவிட்டுப் போவாள்.

"ஏன் மேடம் அழிக்கிறீங்க? எல்லாம் போட்டு வச்சிருந்தேன்."

"அதான் அழிச்சேன்."

மறுபடியும் முதலிலிருந்து நம்பர், பெயர், உறவு. 'இந்த ஆப் உங்களுக்கு மணி அடிக்கலாமா' என்று ஐபோன் கேட்கும். 'அடிக்கலாம்' என்று தொட வேண்டும். எல்லாம் முடித்து அமுக்கினால் மணி அடிக்கும். முன்னாலும் அடித்தது, இப்போதும் அடிக்கிறது. இந்தப் பெண் தன்னை வேண்டுமென்றே அலைக்கழிக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

அதிலிருந்து அவள் அந்தப் பக்கம் வருவது தெரிந்தால் ஐபோனை டிராயருக்குள் போட்டுவிடுவார்.

அது அவள் கண்ணில் படாமல் இல்லை. ஒருநாள் டிராயரையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

*

"ஒரு ஆப் ரெடி ஆயிடுச்சுன்னு எதை வச்சு மேடம் சொல்றது?"

"உங்க வீட்டுக் கதவை நீங்க தட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"என் வீட்டுக் கதவை நான் எதுக்குத் தட்டணும்? சாவி என் பையிலேயே இருக்கே."

அவள் தலையை ஆட்டினாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு நகர்ந்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சொல்லித் தரத் தெரியாதவள் விடுகதை போடுகிறாள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

*

நஸ்ரின் தங்கை நிக்காஹுக்காக நாகூர் போன வாரம், எம்.டி. கோதண்டம் திருமேனியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இந்த ஆபீசில் அதற்கு முன் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

"நம்ம ஆப் ஆரம்பத்துல ரொம்பக் கேள்வி கேட்குதுன்னு சொன்னேன்ல? எடுக்கச் சொல்லிட்டேன். இப்ப நம்பரைப் போட்டா நேரா உள்ள போயிடும். பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். நல்லா ஓடுது."

"நாலஞ்சு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க சரின்னா நாளைக்கே கொடுத்துடலாம். மேடம் வர்ற வரைக்கும் இழுக்க வேணாம்."

நீங்க சரின்னா. அந்த வார்த்தை திருமேனியின் வயிற்றில் பால் வார்த்தது. இத்தனை வயசில் புது வேலைக்கு வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கூனிக் குறுகி உட்கார்ந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

அன்றைய வெர்ஷனைப் பழையதன் மேல் போட்டார். அமுக்கினார். மணி அடித்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார். திரும்பத் திரும்ப அடித்தது.

இருந்தாலும் ஒரு மரியாதைக்கு நஸ்ரினுக்குப் போன் போட்டார். பின்னால் கல்யாண இரைச்சல்.

"எல்லாம் ஓடுது மேடம். கொடுத்துடலாமான்னு எம்.டி. கேட்கிறார்."

"எந்த போன்ல பார்த்தீங்க?"

"நம்ம டெஸ்ட் ஐபோன்லதான். எப்பவும் பார்க்கிறதுதானே."

அவள் சிரித்தாள். யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. போன் துண்டானது.

அந்தச் சிரிப்பைத் திருமேனி ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். எம்.டி. அறைக்குப் போய், "கொடுத்துடலாம் சார்" என்றார்.

*

முதல் வீடு பொன்மலைப்பட்டியில் அருளானந்தம் வீடு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனி ஆள். ஒரே மகன் ஜெரால்டு மெல்பர்னில். மகன்தான் எழுதிக் கேட்டு அப்பாவின் பெயரைப் பதிந்திருந்தான். தன் ஐபோனில் தானே போட்டுக்கொண்டும் விட்டான்.

திருமேனி பெரியவரின் போனில் ஆப்பைப் போட்டு, பொத்தானைக் காட்டினார்.

"நான் இதை அமுக்கினா அவனுக்குக் கேட்குமா?"

"கேட்கும் ஐயா."

"எவ்வளவு தூரத்துல இருக்கான் தெரியுமா?"

"தூரம் கணக்கில்லைங்க. ஒரு தடவை அமுக்கிப் பார்த்துடலாமா?"

பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி. அங்க இப்ப நடுராத்திரி. பிள்ளை பயந்து எழுந்திரிச்சிடுவான். நீங்க எல்லாம் பார்த்துத்தானே கொடுக்கிறீங்க?"

"பார்த்துட்டோம் ஐயா. எத்தனையோ தடவை பார்த்துட்டோம்."

பெரியவர் உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு எடுத்து வந்தார். திருமேனி சாப்பிட்டார். அன்றைக்கு வீடு திரும்பும்போது அவருக்குத் தன்னைக் குறித்தே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

*

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அருளானந்தம் கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாள் காலையில், பேப்பர் எடுக்காமல் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அதுவரைக்கும் பெரியவர் ஈரச் சிமெண்டில் கிடந்தார்.

எம்.டி. திருமேனியைக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க. ஆனா ஆப் பத்தி வாயைத் திறக்காதீங்க. என்ன ஆச்சுன்னு நாமளே இன்னும் பார்க்கலை. உங்களுக்கு வேலை நிரந்தரமாகப் போற நேரம். புரியுதா?"

புரிந்தது.

ஆஸ்பத்திரியில் பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. திருமேனியைப் பார்த்ததும் கையைத் தூக்க முயன்றார்.

"வாங்க தம்பி. உங்க பொத்தானை அமுக்கினேன்."

திருமேனி பழப் பையைக் கீழே வைத்தார்.

"போன் ஈரக் கையிலேர்ந்து வழுக்கி அந்தாண்ட போயிருச்சு. எட்டலை. ஆனா என் பக்கம் திரும்பித்தான் கிடந்துச்சு. நல்லாப் படிக்க முடிஞ்சுது. 'உங்கள் மகனுக்குத் தெரிவிக்கப்பட்டது'ன்னு பச்சையில போட்டிருந்துச்சு."

"பக்கத்து வீட்ல ஆள் இருந்திருப்பாங்களே ஐயா. ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"இருந்தாங்க. டிவி ஓடுறதுகூடக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் ஐயா?"

"மகனுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கே, அப்புறம் ஊரைக் கூட்டுவானேன்? அவன் யாரையாவது அனுப்புவான்னு படுத்திருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இருட்டினப்புறம் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்ப குரல் எழும்பலை."

தலைமாட்டில் இருந்த போன் அடித்தது. ஜெரால்டின் படம் தெரிந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"காலையிலேர்ந்து கூப்பிடுறான். நான் விழுந்தப்ப அங்க ராத்திரி சாப்பாட்டு நேரம். முழிச்சுத்தான் இருந்திருப்பான். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டான் தம்பி."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் திருமேனிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இல்லை ஐயா, உங்கள் மகனுக்கு ஒன்றும் தெரியாது, எங்கள் ஆப்தான் பொய் சொல்லிவிட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. திருமேனிக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. எம்.டி. முகம் ஞாபகம் வந்தது. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது.

"டாக்டர் சொல்றபடி நடந்துக்குங்க ஐயா. உடம்பு முதல்ல தேறட்டும்" என்றார்.

வெட்கம் கெட்ட பேச்சு. சொன்னவருக்கே தெரிந்திருந்தது. பழப் பையைக் கட்டிலுக்கு அருகே நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

*

மறுநாள் ஆபீசுக்கு ஜெரால்டு கூப்பிட்டான். எடுத்தது திருமேனி.

"சார், எனக்கு ஒண்ணுமே வரலை. மணி அடிக்கவே இல்லை. போன் என் கையிலதான் இருந்துச்சு. பக்கத்து வீட்டு அங்கிள் கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"ம்."

"அப்பா என் போனை எடுக்க மாட்டேங்கிறார். நான் பார்த்துட்டும் விட்டுட்டேன்னு அங்கிள்கிட்ட சொல்லியிருக்கார். லீவு கேட்டிருக்கேன், உடனே கிடைக்கலை. அவரு வீட்டுக்கு வந்து போட்டுக் கொடுத்தது நீங்கதானே? நீங்களாவது போய் நடந்ததைச் சொல்லுங்க சார்."

அவன் குரல் உடைந்தது. சொல்கிறேன் என்றார் திருமேனி.

*

அன்று மத்தியானம் நஸ்ரின் ஊரிலிருந்து வந்தாள். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. நடந்ததை எல்லாம் திருமேனி சொன்னார்.

அவள் டிராயரைத் திறந்தாள். ஐபோனை எடுத்தாள். ஆப்பை அழித்தாள். பெரியவருக்குக் கொடுத்த அதே வெர்ஷனைப் புதிதாகப் போட்டாள். நம்பரைப் போட்டாள். நேராக உள்ளே போனது. மணி அடிக்கலாமா என்று ஐபோன் கேட்கவே இல்லை. எடுக்கச் சொன்ன கேள்விகளோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் போயிருந்தது.

ஆண்ட்ராய்டை அவரிடம் நீட்டினாள். அவர் அமுக்கினார்.

'தெரிவிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

ஐபோன் மூச்சு விடவில்லை.

திருமேனி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஐபோனிடம் ஆரம்பத்தில் எப்போதோ 'அடிக்கலாம்' என்று சொல்லியிருந்தார். பழையதன் மேல் புதியதைப் போட்டுக்கொண்டே வந்ததில் அந்தச் சம்மதம் உள்ளேயே தங்கியிருந்தது. அதனால் இவருக்கு மட்டும் மணி அடித்தது. ஜெரால்டிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

"உங்களுக்கு இது தெரியுமா மேடம்?"

"இப்படி ஒருநாள் ஆகலாம்னு தெரியும்."

"நான் டிராயர்ல ஒளிச்சு வச்சது?"

"தெரியும்."

"அப்புறம் வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? 'திருமேனி, முதல்ல அழிச்சிட்டு அப்புறம் போடு, புதுசா வர்றவன் கையில ஒண்ணும் இருக்காது'ன்னு. ஒரு நிமிஷப் பேச்சு. நான் போன்ல கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? சிரிச்சீங்களே."

"நிக்காஹ் நடந்துக்கிட்டு இருந்துச்சு. சிரிச்சாப் புரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

"புரியலை."

நஸ்ரின் ஐபோனைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். "எனக்குக் கத்துக் கொடுத்தவரும் இப்படித்தான் கத்துக் கொடுத்தார். வாயால சொன்னா மனசுல நிக்காது, தானாப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாதான் நிக்கும்னு சொல்வார்."

"நின்னுருச்சு மேடம்" என்றார் திருமேனி. "நல்லா நின்னுருச்சு. ஆனா பட்டது நான் இல்லை. அங்க இடுப்பொடிஞ்சு படுத்திருக்காரே, அவரு."

அவள் முகம் கறுத்துப்போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மறுபடி அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அவர்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

திருமேனி இல்லையென்று தலையசைத்தார்.

"அப்ப வாங்க" என்றாள். "இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

எம்.டி. அறைக் கதவு திறந்திருந்தது. இருவரும் அதைத் தாண்டிப் படியிறங்கினார்கள்.

*

ஆஸ்பத்திரியில் பெரியவர் விழித்திருந்தார். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று நர்ஸ் வெளியிலேயே சொல்லிவிட்டாள். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

திருமேனி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, உங்க மகனுக்கு மணி அடிக்கவே இல்லை. தப்பு எங்களோடது. என்னோடது. நான் சரியாப் பார்க்காம கொடுத்துட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது ஐயா."

பெரியவர் கூட வந்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

நஸ்ரின் இரண்டு போன்களையும் வெளியே எடுத்தாள். யாருக்கும் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவள், அன்றைக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் போலப் பொறுமையாகச் சொன்னாள். இது நீங்க. இது உங்க மகன். நீங்க அமுக்குறீங்க. இங்க 'தெரிவிக்கப்பட்டது'ன்னு வருது. அங்க பாருங்க, சத்தமே இல்லை. உங்க மகன் இதைத்தான் பார்த்திருக்கார் ஐயா, ஒண்ணுமே இல்லாத போனை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

"நல்லா விவரமாச் சொல்றீங்கம்மா" என்றார். பிறகு திருமேனி பக்கம் கண்ணைத் திருப்பினார். "அன்னைக்கு வந்தீங்களே தம்பி. அவன் தெரிஞ்சும் சும்மா இருந்துட்டான்னு உங்ககிட்டதானே சொன்னேன். அன்னைக்கு நீங்க இதைச் சொல்லலையே."

"சொல்லியிருக்கணும் ஐயா. பயந்துட்டேன்."

"அன்னைக்கும் இன்னைக்கும் நடுவுல என் மகன் உங்ககிட்டப் பேசினானா?"

நஸ்ரின் திருமேனியைப் பார்த்தாள்.

"பேசினாருங்க" என்றார் திருமேனி.

"ம். அவன் சொல்லச் சொன்னதாக்கும்" என்றார் பெரியவர். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.